அஞ்சு லிட்டர் கேன்

இது நான் நேரில் பார்த்ததில்லை. அமல்தாஸின் மனைவி ஷாலினி மேரி சொல்லிக் கேட்டது.

சிறுவாச்சூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் அமல்தாஸுக்கு வேலை. அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு வந்த வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன.

அசோக் என்கிற காலேஜ் மாணவன், வழியில் நின்றுபோன பைக்குக்காக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கினான். பாட்டில் வாய் வரைக்கும் நிரம்பவில்லை. அளவில் அடிக்கிறார்கள் என்று செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

முதலாளி ராஜராஜன் ஓடி வந்தார். விசாரிக்கவே இல்லை.

"இன்னும் ஒரே ஒருத்தர் கம்ப்ளைன்ட் சொல்லட்டும், யூனிபார்மைக் கழட்டி வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடு" என்று எல்லார் முன்னாலும் அமல்தாஸிடம் சொல்லிவிட்டார்.

சொல்லி வாய் மூடவில்லை. சாமிதுரை என்று ஒருத்தர் முன்னால் வந்தார்.

"எனக்கும் சந்தேகமா இருக்குங்க. அஞ்சு லிட்டர் அளவு கேன் வெச்சிருப்பீங்கள்ல, அதுல புடிச்சுக் காட்டுங்க."

அமல்தாஸுக்குக் கண் கலங்கியது. வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. இன்றைக்கென்று பார்த்தா இந்த ஆள் வரவேண்டும்?

ஒரு மனுஷன் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே என்று பின்னால் நின்ற ஒரு அம்மா திட்டியே விட்டார். சாமிதுரை அசையவில்லை. அசோக்கைப் பக்கத்தில் கூப்பிட்டு, இதையும் வீடியோ எடு என்றார்.

கேன் வந்தது. மெஷினில் ஐந்து விழுந்ததும் அமல்தாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"கோட்டுல கரெக்டா நிக்குது" என்றது அசோக்கின் குரல்.

"அப்ப உன் பாட்டிலு?" என்றார் சாமிதுரை.

"தெரியலைண்ணே."

"வாய் வரைக்கும் ஊத்துனா அது லிட்டருக்கு மேல புடிக்கும் தம்பி. லிட்டருன்னா கொஞ்சம் கீழதான் நிக்கும்."

கூட்டம் சிரித்தது. அசோக்கும் சிரித்து, பழைய வீடியோவை அழித்தான். ராஜராஜன் பெட்ரோல் குழாயைத் தானே வாங்கிக்கொண்டு, போய் டீ குடிச்சிட்டு வா என்று அமல்தாஸை அனுப்பினார்.

"அந்தச் சந்தேகப் பிராணி மூஞ்சியில நல்லா கரி" என்று ஷாலினி மேரி சந்தோஷமாக முடித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எழுதுவதற்கு முன் சாமிதுரையைப் பற்றி விசாரித்தேன். அன்று அவர் பங்கில் நின்றது டயருக்குக் காற்றடிக்க.

அவர் ஓட்டுவது பேட்டரி வண்டி.