இடைவேளையில் வந்த பூனை

ஒரு தியேட்டரில் மூன்றாம் வரிசை நாற்காலிக்கு அடியில் குடியிருந்த எலி, பார்க்காத திரில்லர் படமே இல்லை. அன்றைக்கு அதன் மச்சான் எலி விருந்துக்கு வந்திருந்தது. இடைவேளை விளக்கு எரிந்ததும், சிந்திய பாப்கார்னைத் தின்ன இரண்டும் வெளியே வந்தன.

“மாப்ளே, பூனை வாசனை அடிக்குதுடா! ஓடு, ஓடு!”

“பதறாதே மச்சான். ஆபத்து வர்றதா இருந்தா முதல்ல வயலின் கிறீச்சிடும். அப்புறம் ஒரு கதவு தானாத் திறக்கும். அதுக்குள்ள நாம தப்பிச்சிடலாம். அதுவும் இடைவேளையில எவனாவது செத்திருக்கானா?”

மச்சான் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் போய்விட்டது.

தியேட்டர் எலி ஆசையாசையாக வயலினுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

பின்னால் வந்து நின்ற பூனை ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.