இடப்பக்கக் கைப்பிடி

இரணியல் ரோட்டோரத்தில், புளியமரத்தடியில், பழைய காரும் புதிய காரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. மழைவிட்ட வெயில் இரண்டின் மேலும் ஒரேபோல மினுங்குகிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரதீஷ் பழைய காரை ஒருதரம் சுற்றிவந்துவிட்டு, செல்போனைத் தட்டியபடியே சிரிக்கிறான். “அண்ணே, இத்தன வருஷத்துல ஒரு கீறலுக்குக்கூட நீங்க கிளெய்ம் போடல்ல. வண்டிதான் கைமாறுது. நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்க சொத்தாக்கும், புது வண்டி இன்சூரன்ஸுக்குக் கூடவே வரும். உங்களுக்க டிரைவிங் அப்படி!” ததேயுஸின் கண் பழைய காரின் முன்சீட்டுக்கு மேலே, இடப்பக்கக் கைப்பிடியில் நிற்கிறது. பின்சீட்டுக் கைப்பிடிகள் புதுசுபோல இருக்க, இது மட்டும் நிறம் வெளுத்து வழவழத்துக் கிடக்கிறது. எதிரே பஸ் வந்தாலும் சரி, குறுக்கே ஆடு வந்தாலும் சரி, மனைவி ஜெசிந்தாள் அதைத்தான் இறுக்கிப் பிடிப்பாள். “பையப் போங்க, பையப் போங்க” என்பாள். “சும்மா இரிட்டீ” என்று எரிந்து விழுந்துகொண்டே இவரும் பிரேக்கை மிதிப்பார். போன தவக்காலத்தில் அவளை அடக்கம் செய்த பிறகு அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. பழைய காரை வாங்கிய இளைஞன் சாவியைத் திருகுகிறான். கார் சரளைக்கல்லைத் தெறிக்கவிட்டுப் பாய்ந்து, வளைவில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து திரும்புகிறது. ததேயுஸின் இடக்கை தலைக்கு மேலே எழும்பி வெறும் காற்றை இறுக்கிப் பிடிக்கிறது. “பையப் போங்க” என்கிறது அவர் வாய்.