திரைச்சீலைக்கு அடியில் கேபிள்

கச்சேரி ரோட்டு வீட்டில், டவர் கிடைக்காத உள்ளறைக் கட்டிலில் மணப்பெண் சாய்மா உட்கார்ந்திருக்கிறாள். கையிலுள்ள மொபைலில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரைச்சீலைக்கு அப்பால், ஆண்கள் நிறைந்த கூடத்தில், டிவி திரையில் தோஹாவிலிருக்கும் மாப்பிள்ளை வாஜித் வாய் பாதி திறந்தபடி உறைந்துபோயிருக்கிறான். கபூலா, சம்மதமா என்று காஜியார் கேட்டாயிற்று. பதில்தான் வந்து சேரவில்லை. அக்காவும் நிக்காஹைப் பார்க்கட்டும் என்று தம்பி சைஃப் உள்ளறையில் இரண்டாவது ரவுட்டரை வைத்து, திரைச்சீலைக்கு அடியில் கேபிள் இழுத்து, கூடத்து ரவுட்டரோடு இப்போதுதான் இணைத்தான். இரண்டுக்கும் ஒரே முகவரி என்பது இணைத்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடுகள் இருந்தால் தபால் படும் பாடுதான் இப்போது நெட்டுக்கு. “இன்னாடா பண்ணி வெச்சே?” கூடத்தில் வாப்பா மெஹபூப் அலி சைஃபின் தோளைப் பிடிக்கிறார். “கொஞ்சம் இரு வாப்பா, செட்டிங்கை மாத்திட்டா அக்காவும் பாக்கும்.” காஜியார் தொண்டையைச் செருமுகிறார். “மாப்ள யோசிக்கிறாரோ?” என்று கூடத்தில் யாரோ கிசுகிசுப்பது உள்ளே வரை கேட்கிறது. சாய்மா வளையல் ஒலிக்காமல் குனிகிறாள். காலடியில் பச்சை விளக்குகள் படபடக்கும் ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்குகிறாள். மொபைலில் வட்டம் நின்று, திரை கறுக்கிறது. மருதாணி விரல்களுக்குள் கேபிள் முனை இறுகுகிறது. பிறகு திரைச்சீலையைத் தாண்டி, முகமில்லாமல், வாஜித்தின் பதறிய குரல் மட்டும் வருகிறது: “ஹலோ, கேக்குதா? நான் அப்பவே சொல்லிட்டேனே! கபூல். கபூல்.”