உறைப்பில்லாத கறி

“நம்மட குசினிக் கூரை ஒழுகுது, நீ கடல் கடந்து ஏழையளுக்குச் சமைக்கப் போறியோ...”

“கத்தாதையுங்கோ, பாஸ்டர் வானைக் கொண்டுவந்து வெளியில நிக்கிறார்...”

“நிக்கட்டும்! எங்கட வெருகலில ஏழையள் இல்லையோ?”

சபைக் குழுவோடு புறப்பட இருந்த மெற்றில்டா பெட்டியைத் திறந்தாள். அதிலிருந்து மிளகாய்த்தூள் பையை எடுத்து வெளியே வைத்தாள்.

“தூள் இல்லாமல் கறியோ?” என்றார் கணவர் ஞானசேகரம்.

“அங்கத்தைய சனம் உறைப்புத் தின்னாது.”

“லண்டனில பசியெண்டு ஆர் உனக்குச் சொன்னது? வெள்ளைக்காரர் சோத்துக்கு வரிசையில நிப்பாங்களோ?”

“நிக்கினம். சேர்ச் மண்டபத்தில.”

“விசர்க் கதை! ஒரு ஆளின்ர பேரைச் சொல்லு பாப்பம்!”

மெற்றில்டா பெட்டியைப் பூட்டினாள்.

“சுனாமிக்குப் பிறகு லண்டனில இருந்து வந்து இந்தக் குசினி கட்டக் கல்லுச் சுமந்தாவே, மார்கிரட் மிஸ். இப்ப அவவும் அந்த வரிசையிலதான் நிக்கிறா.”