பதினொன்றரை அடி

மிருகக்காட்சிசாலையில் சிறுத்தை அடைப்பின் சுவரை உயர்த்த வேண்டுமா என்று பார்க்கப் பொறியாளர் வந்திருந்தார். சிறுத்தையை உள்ளறையில் பூட்டிவிட்டு, அதைப் பராமரிக்கும் வெள்ளிங்கிரி ஏணியில் ஏறி, சுவரிலிருந்த நகக்கீறல்களை டேப் வைத்து அளந்தார்.

"ஆக உசரத்துல இருக்கறது பதினொன்னரை அடிங்க. புடிச்சுட்டு வந்த மொத வாரம் தாவுனது."

"அதுக்கப்புறம்?"

"மறு வருசம் ஒம்பது. அப்புறம் ஆறு. இப்ப ரெண்டு வருசமாச் செவுத்துப் பக்கமே போறதில்லீங்க."

"அப்ப இருக்கற பதினாலு அடியே தாராளம்." பொறியாளர் 'பாதுகாப்பானது' என்று எழுதிக்கொண்டார். "கீறலையெல்லாம் பூசிடுங்க. பாக்க வர்றவங்க பயப்படுவாங்க."

வெள்ளிங்கிரி சிமெண்ட் குழைத்து, ஒவ்வொரு கீறலாகப் பூசிக்கொண்டே வந்தார். கடைசியாக ஏணியின் உச்சியில் நின்று, சுவரில் நான்கு கோடுகளாக இறங்கியிருந்த அந்த முதல் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் சிறுத்தை படுத்தே கிடந்தது.

சாயங்காலம் பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தார். "மேல ஒண்ணு விட்டுப்போச்சே."

காலையில் அளந்த அதே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார் வெள்ளிங்கிரி.

"ஏணி எட்டலீங்க சார்."