கவர்னர்னா என்னங்க?

“ஏங்க, கவர்னர்னா என்னங்க?”

ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்த டிராயிங் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பக்கத்து மேஜையில் போனில் யாரிடமோ அப்படிக் கேட்டது மாணவி இல்லை. அந்தப் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பாடம் நடத்தும் டீச்சர்! காலையில்தான் அதே கவர்னரைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பில் வெளுத்து வாங்கியிருந்தார்.

அந்தப் பாடம் தனக்குக் கிடைக்காதா என்று மூன்று வருஷமாக மாஸ்டருக்கு ஏக்கம். காதைத் தீட்டிக்கொண்டார்.

டீச்சரின் கணவருக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. வாரத்துக்கு ஒரு போன், பத்தே நிமிஷம். ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது.

“அதுவா? என்ஜின் வேகத்தைக் கூடாம குறையாம வச்சுக்கிற கருவி. பெரிய அலை வந்தா கப்பலோட பின்பக்கம் தூக்கிடும். ப்ரொப்பல்லர் தண்ணிக்கு மேல வந்துடும். சுமை இல்லேன்னதும் என்ஜின் தறிகெட்டு ஓடும். கவர்னர் உடனே டீசலைக் குறைச்சிடும்.”

“அந்தப் பேரு எப்படிங்க வந்துச்சு?”

“கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவனைச் சொல்ற பழைய கிரேக்கச் சொல்லு. அப்புறம் ஊரை ஆளுறவனுக்குப் பேராச்சு. கடைசியில எங்க என்ஜின் ரூமுக்கே வந்துடுச்சு பாரு!” சிரித்தார். லைன் அறுந்தது.

டீச்சர் போனைக் கீழே வைக்கவே இல்லை.

“காலையில நடத்தினது யாரு எழுதிக் குடுத்த நோட்ஸ் டீச்சர்?” மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். “பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

டீச்சருக்குக் கோபமே வரவில்லை.

“முன்னெல்லாம் வீட்டுக் கதைதான் சார் பேசுவோம். குழந்தை ‘அப்பா’ன்னு சொல்லுதுன்னா போதும், அவரு அழ ஆரம்பிச்சுடுவாரு. பத்து நிமிஷமும் அழுகையிலேயே போயிடும். மெஷினைப் பத்திக் கேட்டா மடை திறந்த மாதிரி பேசுறாரு. அந்தக் குரலைக் கேட்டுட்டா அடுத்த வாரம் வரைக்கும் எப்படியோ ஓட்டிடுவேன்.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“பாவம் அந்த மனுஷன்! பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பிக்கிட்டு, மெனக்கெட்டுச் சொல்லிக் குடுக்கிறாரு. நடிக்கிறீங்கன்னு தெரிஞ்சா நொந்துட மாட்டாரா?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“அவருக்குத் தெரியாம என்ன சார்? நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். இந்தப் பேப்பர்ல ரெண்டு தடவை கோட்டைவிட்ட அவரை, உட்கார வச்சுச் சொல்லிக்குடுத்துப் பாஸ் பண்ண வச்சதே நான்தான்!”