ஈயப் பெட்டி

சாப்பாட்டு மேசையில் தன் கண்ணாடி ஓவிய வேலைக்கான ஈயப் பெட்டியைக் கண்டதும் சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சண்டை போட்டு அதைப் பரணில் ஏற்ற வைத்தவள் மனைவி. இன்று அவளே இறக்கியிருக்கிறாள்.

“ஒருவழியா மனசு இறங்கிட்ட போல?”

“முடிச்சிடுங்க.”

எப்போதோ வெட்டி வைத்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டிகளில் பொருத்தி, சால்டரிங் அயர்னால் பற்றவைத்தான். ஜன்னலுக்காகத் தொடங்கிப் பாதியில் நின்ற கண்ணாடி மீன்கொத்திக்குச் சிறகு வந்தது. புகை கிளம்பியும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“ஏய், தள்ளிப் போ. இந்தப் புகை ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“எனக்கில்ல, வயித்துல இருந்ததுக்கு. காலையில ஸ்கேன்ல துடிப்பே இல்லைன்னுட்டாங்க. போன் பண்ணேன். கண்ணாடிக் கடையில இருக்கேன், அப்புறம் பேசுன்னு வெச்சிட்டீங்க.”

சால்டரிங் அயர்னை அவன் கீழே வைத்தான்.

“ஏன் நிறுத்திட்டீங்க? இனிமே தாராளமா செய்யலாம்.”